கேட்டருகே நான் பார்த்த ஆள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதுவும் அவர் முனகுவதோடு ஒப்பிட்டால் கம்மிதான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு படுத்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இது திருப்பாமல் சொல்லவேண்டிய விஷயம்.

முதலில் ஒன்று, சிரிக்காமல் கேள். நான் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். உன் தங்கை டிஜிட்டல் மல்டிமீடியா படிக்கிறாளே, அதே கல்லூரியில் சனிக்கிழமைகளில் குற்றவியல் நீதி என்று ஒரு சான்றிதழ் வகுப்பு நடக்கிறது, வயது வரம்பு கிடையாது. இருபத்தொன்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவள் நான். சாட்சி சொல்வார், வக்கீல் குறுக்கே பாய்வார், நீதிபதி அதட்டுவார், எல்லாவற்றையும் என் விரல்தான் காகிதத்தில் ஏற்றியது. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. அந்த வரியால் கூண்டில் நின்ற ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்ப்பதற்குள் அடுத்த வழக்குக் கட்டு மேஜைக்கு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வகுப்பில் முப்பது பேர், எல்லாரும் உன் தங்கை வயது, என்னை ஆன்ட்டி என்கிறார்கள். உன் தங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், “கேன்டீன்ல என்னைப் பாத்தா தெரியாத மாதிரி போயிடும்மா” என்று. நானும் அப்படியே போகிறேன், ஆனால் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் நடந்ததைக் கேள். எங்கள் ஆசிரியை பல வருஷம் சிறையில் கைதிகளோடு வேலை பார்த்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் கதவைத் திறந்து வந்து, இந்த அறை தனக்கு ஒதுக்கியது என்று சத்தம் போட்டு, மேஜைமேல் இருந்த அவருடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்களுக்குப் பகீரென்றது. ஆசிரியை மட்டும் நிதானமாக, பார்த்ததை எழுதுங்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நான் விறுவிறுவென்று எழுதினேன். நீலச் சட்டை, மீசை, தோளில் பை. பிறகுதான் தெரிந்தது, மல்டிமீடியா மாணவர்களும் நாங்களும் சேர்ந்து செய்யும் பயிற்சி அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து படம் பிடித்தது உன் தங்கையின் குழுவாம், என்னிடம் மூச்சு விடவில்லை கள்ளி. ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் என்று நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார்கள். சட்டை சாம்பல் நிறம். மீசை இல்லை. பையும் இல்லை. வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பை என்னை என்னவோ செய்தது.

உனக்கு நினைவிருக்கும், போன வருஷம் தங்கையின் சைக்கிள் காணாமல் போனது. பொழுது சாயும் நேரம், இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஒருவன் அதை கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனான். தோளில் பை இருந்தது, எப்போதும் தோள்பையோடு வரும் நம் பிளம்பர்தான் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். அத்தனை குடித்தனக்காரர்கள் முன்னால் அவரை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். கோர்ட்டில் இருந்த அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதோடு அவருக்கு இந்தக் கட்டடத்தில் வேலை இல்லாமல் போனது. நீ ஒருத்தன்தான் போனில் கேட்டாய், “முகத்தைப் பாத்தியாம்மா?” என்று. அங்கே இருந்துகொண்டு உனக்கு என்ன தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். முகத்தை நான் பார்க்கவில்லையடா. இப்போது பையையும் பார்த்தேனா என்று தெரியவில்லை.

கேட் கேமராவின் அன்றைய பதிவு செயலாளரிடம் பென் டிரைவில் கிடந்தது. நான் சொன்னதே போதும் என்று யாரும் அதை உருப்படியாகப் பார்த்திருக்கவில்லை. உன் தங்கை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சம் கூட்டினாள், குறைத்தாள், பெரிதாக்கினாள். முகம் வெறும் கருப்புத் திட்டு. கூடுதலாக ஏதாவது செய்து முகத்தை வரவழைக்க முடியாதா என்றேன். “இல்லாததைக் கொண்டுவந்தா அது நான் வரைஞ்ச முகம்மா, அந்த ஆளோட முகம் இல்ல” என்றாள். எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், ஒரு பக்கம் பெருமை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது, தோளில் பை இல்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தாள். கேட்டின் குறுக்குக் கம்பிகளில் அவன் தோள் கீழிருந்து ஏழாவது கம்பிக்கு நேராக இருந்தது. அதே இடத்தில் பிளம்பர் வந்து நின்றால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

அவரைத் தேடிப் போனேன். இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் பைப் அறுத்துக் கொடுக்கும் வேலை. விஷயத்தைச் சொல்லி, ஒரு நிமிஷம் வந்து கேட்டருகே நின்றால் போதும் என்றேன். அவர் ரம்பத்தை நிறுத்தவில்லை. “அன்னைக்கும் நீங்க நிக்கச் சொன்னீங்க, நின்னேன். இன்னைக்கும் நான்தான் வந்து நிக்கணுமாம்மா?” என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே கேள்விதான், “குத்தம் சொன்னது யாரு? அப்ப நிரூபிக்க வேண்டியது யாரு?” இதைத்தான் முதல் வாரமே நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அரைப் பக்கம் டைப் அடித்தேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னது தவறு, அதனால் ஒருவருக்கு நேர்ந்த அவமானத்துக்கு நானே பொறுப்பு. பிறர் சொன்னதையே அடித்துப் பழகிய விரல், சொந்த வாக்குமூலத்தில் நாலு இடத்தில் தப்பு விட்டது. செயலாளர், முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று முகம் சுளித்தார். எனக்கு இது இன்னும் முடிந்துபோகவில்லை என்று சொல்லி அறிவிப்புப் பலகையில் நானே குத்தினேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பிளம்பர் இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், திரும்பவும் பைப்பை எடுத்துக்கொண்டார்.

போன வாரம் கீழ் வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியபோது செயலாளரே அவரைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை முடிந்து போகும்போது அவர் கேட்டருகே நின்று, உன் தங்கையைக் கூப்பிட்டார், நானும் கூடவே இறங்கிப் போனேன். “பாப்பா, கம்பி எண்ணணும்னு அம்மா சொன்னாங்களே, எண்ணிக்கோ.” அவள் பதறிப்போய், வேண்டாம் அண்ணே, அதெல்லாம் இனி தேவையில்லை என்றாள். “உங்களுக்குத் தேவையில்ல. எனக்குத் தெரியணும்ல” என்றார். அவர் நின்றது கேட் கேமராவில் பதிந்ததை எடுத்து, அவள் பழைய படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் தோள் ஐந்தாவது கம்பிக்குத்தான் வந்தது. அவர் திரையில் இரண்டு தோளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, “அப்ப இது யாரும்மா?” என்றார். தெரியவில்லை தம்பி என்றேன். தெரியவில்லை என்று சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கே இருந்தாலும் நாலு பேர் மதிக்க, மனசில் பாரம் இல்லாமல், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு என் கண்ணே. அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு உண்டு. சனிக்கிழமை காலையில் மட்டும் போன் செய்யாதே, வகுப்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் கேள்விக்கு ஒரு வருஷம் கழித்துப் பதில் எழுதும்
அம்மா