மூன்றாம் வரிசையில் இரண்டு பாடங்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

அடுத்த வருடத்துக்கான பாடத்தேர்வுப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. இருநூற்றுப் பத்து. ஒரு எழுத்துப்பிழை இல்லை, ஒரு கோடு கோணல் இல்லை. பள்ளி அலுவலகத்தில் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் பதினான்கு வருடமாகக் கால அட்டவணை என் கையில். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்தாறு அறைகள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. இத்தனையும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடுகிறது என்றால் சும்மாவா? ஆசிரியர் அறையில் எனக்கு 'டைம்டேபிள் சார்' என்றுதான் பெயர். விளையாட்டு மாஸ்டர் மட்டும் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்பார். பொறாமை பிடித்த மனுஷன்.

இந்தத் தடவை ஒரு படிவம் என் வீட்டுக்கும் வருகிறது. மகள் பத்தாவது முடிக்கிறாள். வீட்டில் அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வியைக் கிளப்புவாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கிளப்பிவிட்டாள்.

மகளுக்குக் காட்ட ஒரு படிவத்தை முன்கூட்டியே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ரொம்ப எளிமையானது. நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாடம், வரிசைக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒரே வரிசையில் இருக்கும் பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஆகவே அதில் இரண்டு எடுக்க முடியாது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"அப்பா, உயர் கணிதமும் உயிரியலும் ஏன் மூணாவது வரிசையில ஒண்ணா இருக்கு?"

"அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

"விதிம்மா."

"யாரோட விதி?"

"ஸ்கூலோட விதி. தட்டைப் பார்த்துச் சாப்பிடு."

சாப்பிட்டாள். ஆனால் பார்த்தது தட்டை இல்லை, என்னை.

பிப்ரவரி 15, சனி

பள்ளி நூலகத்திலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கையேடுகளை எடுத்து வந்து, கூடத்துத் தரையில் ஒரு பெரிய சார்ட் பேப்பரை விரித்துவிட்டாள். காலையிலிருந்து ஸ்கேலும் கலர் பென்சிலுமாக ஒரே வேலை. எந்தப் படிப்புக்குப் பள்ளியில் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக. மொத்தம் நாற்பத்தாறு படிப்பு. சேர முடியும் என்றால் பச்சை, முடியாது என்றால் சிவப்பு.

உயர் கணிதம், உயிரியல் இரண்டும் இருந்தால் நாற்பத்து மூன்று பச்சை. உயிரியலை விட்டால் இருபத்தொன்பது. உயர் கணிதத்தை விட்டால் இருபத்து நான்கு. சிவப்புப் பென்சில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"சரி, நீ என்னதான் படிக்கப் போற? அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

"தெரியலைப்பா. தெரியாததாலதான் ரெண்டும் வேணும். தெரிஞ்சா ஒண்ணே போதுமே."

அடுக்களையிலிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. முகத்தை 'உம்' என்று வைத்துக்கொண்டேன். ஆனால் இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள் — அவள் போட்ட கட்டங்கள் இருக்கின்றனவே, அப்படியே என் கை. ஓரம் விட்டது, தலைப்பை நடுவில் போட்டது, எல்லாம். பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

'யாரோட விதி?' காலையிலிருந்து காதுக்குள் இதே.

பிப்ரவரி 20, வியாழன்

மதிய இடைவேளையில் பழைய கோப்புகளை எடுத்தேன். விதி என்றால் எங்காவது எழுதியிருக்க வேண்டுமே. சுற்றறிக்கைக் கோப்பில் இல்லை. நிர்வாகக் குழு முடிவுகளில் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அட்டவணைக் கோப்பில், ஒரு துண்டுத்தாளில், பென்சிலில் இருந்தது. என் கையெழுத்து.

"கணித ஆசிரியை — பகுதி நேரம், 10.30க்குக் கிளம்புவார் (கைக்குழந்தை). உயிரியல் — வேதியியல் ஆய்வகத்திலேயே. காலை மட்டும் காலி. இரண்டும் மூன்றாம் வரிசை. இந்த வருடம் மட்டும்."

இந்த வருடம் மட்டும்!

உயிரியலுக்குத் தனி ஆய்வகம் கட்டி ஏழு வருடம் ஆயிற்று. கணித டீச்சர் முழு நேரத்துக்கு வந்து ஆறு வருடம். அந்தக் கைக்குழந்தை இன்றைக்கு நம் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு. நான் வருடா வருடம் முந்தின வருடத்துத் தாளை வைத்து அப்படியே பிரதி எடுத்திருக்கேன். ஏன்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா? அட்டவணை, அட்டவணைன்னு மார் தட்டிக்கிட்டேனே.

பிப்ரவரி 21, வெள்ளி

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கடந்த ஆறு வருடத்துப் படிவங்களையும் புரட்டினேன். அடியில் 'குறிப்பு' என்று ஒரு இடம் உண்டு. கணிதமும் உயிரியலும் சேர்த்து வேண்டும் என்று அதில் எழுதிக் கேட்டவர்கள் பதினொரு பேர். பதினொன்றின் மேலும் சிவப்பு மையில், நல்ல குண்டு குண்டான எழுத்தில்: "விதிப்படி இயலாது." கீழே என் சுருக்கொப்பம்.

ஒருத்தி எழுதியிருந்தாள்: "சார், ஏதாவது வழி இருக்கா? எந்த நேரம்னாலும் வர்றேன்."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பள்ளி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கடைத்தெருவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போன மாதம்கூட என் கண்ணாடிக்குத் திருகாணி மாற்றிக் கொடுத்தாள். சிரித்தாள் வேறு.

பிப்ரவரி 22, சனி

வீட்டில் சொல்லிவிட்டேன். வக்கீலுக்கு இது அல்வா மாதிரி கேஸ், குதிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. அந்தத் துண்டுத்தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே போய் பிரின்சிபல்கிட்ட சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா அது புகாராயிடும். நீங்க சொன்னா அது திருத்தம்."

"சொல்றேன். உனக்கும் ரெண்டும் கிடைச்சிடும்."

"எனக்காகன்னு சொல்லாதீங்க. என் பேரே வரக்கூடாது. நடக்கலேன்னா நான் கணிதம் எடுத்துக்கறேன், பரவாயில்ல."

பரவாயில்லையாம். பதினேழு கட்டம் சிவப்பாகும் என்று கணக்கெடுத்தவளே அவள்தான். பதினைந்து வயது. எனக்கு அந்த வயதில் இந்தப் பக்குவம் கிடையாது. நாற்பத்தெட்டிலும் இருக்கிறதா என்பது திங்கட்கிழமை தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

பிரின்சிபல் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"ஆறு வருஷமா? ஒருத்தர்கூடவா கேக்கலை?"

வசமான கேள்வி. 'கேக்கலை மேடம்' என்றால் கதை அங்கேயே முடிந்தது. தப்பித்திருப்பேன்.

"பதினோரு பேர் கேட்டாங்க மேடம். நான்தான் இல்லைன்னு எழுதினேன்."

படிவங்களை முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். எவ்வளவு நேரம் நின்றேனோ. கால் மரத்துவிட்டது.

"புதுசா அச்சடிக்கணும். இருபத்தெட்டாம் தேதி படிவம் கொடுக்கறதா இருந்தது, மார்ச் பத்துக்குத் தள்ளி வைக்கிறேன். அதுக்குள்ள மாத்த முடியுமா உங்களால?"

"முடியும் மேடம்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் முடியுமா என்று யோசித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

முடியாது போலிருக்கிறது. கணிதத்தை மதியம் நடக்கும் இரண்டாம் வரிசைக்கு இழுத்தால் புவியியல் நகர வேண்டும். புவியியல் நகர்ந்தால் இசை அறை இடிக்கிறது. இசையை நகர்த்தினால் விளையாட்டு மாஸ்டர் மூன்று மணி வெயிலில் மைதானத்தில் நிற்க வேண்டும். (இதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.)

அட்டைப் பலகையும் கலர் சீட்டுகளும் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில். "மேஜையை எப்போ திருப்பித் தர்றதா உத்தேசம்?" என்று மனைவி கேட்டாள். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

மகள் பலகைப் பக்கமே வருவதில்லை. வந்தால் கையை வைத்துவிடுவோமோ என்று பயம். தண்ணீர் எடுக்கப் போகும்போது மட்டும் ஓரக்கண்ணால் ஒரு பார்வை.

மார்ச் 6, வியாழன்

புவியியலையும் வரலாற்றையும் இடம் மாற்றினால் போதும்! இசையைத் தொடவே வேண்டாம். பத்து நாளாகக் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. நான் ஒரு மடையன். ஆனால் கெட்டிக்கார மடையன்.

மார்ச் 7, வெள்ளி

இனிமேல் மதியம் வகுப்பு எடுக்க வேண்டும் என்று கணித டீச்சரிடம் சொல்லப் போனேன். மூன்று விதமான சமாதானம் தயாராக வைத்திருந்தேன்.

"மதியமா? தாராளமா. காலைல தூங்கி வழியுதுங்க எல்லாம். ஆமா, காலைலதான் வேணும்னு நான் எப்போ சார் கேட்டேன்?"

"உங்க பொண்ணுக்கு எட்டு மாசம் ஆனப்போ."

விழுந்து விழுந்து சிரித்தார். "அவ செருப்பு இப்போ எனக்குச் சரியா இருக்கு சார்!"

மார்ச் 14, வெள்ளி

படிவம் வாங்கக் கடைசி நாள். கணிதம், உயிரியல் இரண்டையும் குறித்தவர்கள் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று! போன வருடமும் இத்தனை பேர் இருந்திருப்பார்கள்தானே? அதற்கு முந்தின வருடமும்?

மகள் எல்லோரையும் போல வரிசையில் நின்று வந்தாள். படிவத்தை நீட்டினாள். சரிபார்த்து ஒப்புகைச் சீட்டு கிழித்துக் கொடுத்தேன். "நன்றி சார்" என்றாள். சார்! பின்னால் நின்ற பையன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

விளையாட்டு மாஸ்டர் வாசலில் மடக்கினார். "என்ன ஸ்டேஷன் மாஸ்டர், சொந்தப் பொண்ணுக்காகத் தண்டவாளத்தையே மாத்திட்டீங்களாமே?"

இப்படிக் கேட்பார்கள் என்று தெரியும். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. "அவ கேட்டதாலதான் எனக்கே தெரிஞ்சுது மாஸ்டர். இல்லேன்னா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன்" என்றேன். அவள் பெயர் வரக்கூடாது என்றாள், வந்துவிட்டது. வரட்டுமே.

மார்ச் 16, ஞாயிறு

மேசையில் சாப்பிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். "எங்க இடத்துல தப்பான வார்டுக்குத் துணி போச்சுன்னா, நாளையிலேர்ந்து சரியா அனுப்பறோம்னு சொல்லிட்டு இருக்க முடியாது. போனதை நாங்களே போய் எடுத்துட்டு வரணும். அந்தப் பதினோரு பேர்?"

இந்த வீட்டில் வக்கீல் ஒருத்தி இல்லை, இரண்டு பேர்.

மார்ச் 27, வியாழன்

பிரின்சிபல் மேடத்தின் அனுமதியோடு போன வாரமே பத்துப் பேருக்குக் கடிதம் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. 'விதி என்று நான் எழுதியது தவறு. அப்படி ஒரு விதி இல்லை. விடுபட்ட பாடத்தைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆய்வக வகுப்புக்குப் பள்ளி இடம் கொடுக்கும்.' உயிரியல் சார் சனிக்கிழமைகளை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கடிதம் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன. நான்கு பேர் தாங்கள் நன்றாக இருப்பதாக எழுதினார்கள். ஒருவன் போன் செய்து பத்து நிமிடம் திட்டினான். முழுவதும் கேட்டுக்கொண்டேன். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை.

கண்ணாடிக் கடைப் பெண்ணுக்குக் கடிதம் போடவில்லை. தினமும் அந்தக் கடை வழியாகப் போகிறவன் தபாலில் சொன்னால் கேவலம்.

மார்ச் 29, சனி

போனேன். அவள் கடை வாசலில் ஒரு பெரியவருக்குப் பிரேம் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். எதையும் மறைக்காமல்.

கையிலிருந்த துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அப்போ விதியே இல்லையா சார்?"

"இல்லம்மா."

"நான் வீட்ல போய் விதின்னு சொன்னேன். விதின்னா விட்டுடும்மான்னு அப்பாவும் சொல்லிட்டார்." துணியை மடித்து வைத்துவிட்டு, "கண் பரிசோதனைப் படிப்புக்குத்தான் கேட்டேன் சார். அதுக்கு ரெண்டும் வேணும். எங்கிட்ட கணிதம் மட்டும்தான் இருக்கு."

மன்னிச்சிடும்மான்னு சொன்னேன். அவ மன்னிச்சேன்னு சொல்லல. ஏன் சொல்லணும்?

சனிக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருடம் ஆகும் என்பதையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஏப்ரல் 19, சனி

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கடைப்பக்கம் போகாமல் சுற்றுவழியில் வருகிறேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தது. மதியம் இரண்டாம் மணி அடித்ததும் இருபத்து மூன்று பேரும் உயர் கணித அறைக்குப் போனதை ஜன்னல் வழியாக எண்ணினேன். ஒருவரும் எங்கும் இடிக்கவில்லை.

ஜூன் 14, சனி

காலை ஒன்பது மணி, ஆய்வகச் சாவி வாங்க உயிரியல் சார் வந்தார். அவருக்குப் பின்னால், புது நோட்டோடு, கண்ணாடிக் கடைப் பெண். எனக்கு வணக்கம் சொன்னாள். கூடவே, "கடையில மத்தியானம் வரைக்கும் லீவு சொல்லிட்டேன் சார். வாரா வாரம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் எழுந்து வந்து என் தோளில் ஒரு குத்து விட்டாள். வலித்தது. நன்றாக இருந்தது.

மே 19, புதன்

இந்த நோட்டைத் தொட்டு இரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு நான்தான் சான்று எழுதி முத்திரை வைக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற பாடங்கள், மதிப்பெண், தகுதி. காலையிலிருந்து வரிசை. மகளும் வந்தாள். கால்நடை மருத்துவம், புள்ளியியல், மருந்தியல் என்று மூன்று எழுதியிருந்தாள். "இன்னுமா முடிவு பண்ணல?" என்றேன். "மூணுமே கிடைக்கும்போது எதுக்குப்பா அவசரம்?" என்றாள். வரிசையில் அத்தனை பேர் முன்னால் 'அப்பா' என்றாள். காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

கடைசியில் வந்தது கண்ணாடிக் கடைப் பெண். தனித்தேர்வர், உயிரியல், எண்பத்தாறு. படிவத்தில் மூன்று படிப்பு எழுத இடம் உண்டு. அவள் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தாள்.

பாடங்களை எழுதினேன். மதிப்பெண் எழுதினேன். 'தகுதி உண்டு' என்று எழுதினேன். முத்திரையை மையில் தோய்த்து வைத்தேன். படிவத்தைத் திருப்பிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், சீல் கோணலா விழுந்திருக்கு."

இருபது வருடத்தில் என் கையில் சீல் கோணலாக விழுந்ததே இல்லை.

"செல்லும்மா" என்றேன். "மை காயட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போ."