புறங்கையில் ஒரு சொட்டு டெக்கீலா

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை மதியம் ஸ்டெல்லாவின் அப்பா சாப்பிட வருகிறார். எங்கள் கல்யாணத்துக்கு வராத மனிதர், நான்கு வருடம் கழித்து முதல்முறையாக இந்த வீட்டுப் படி ஏறுகிறார். கப்பலில் வேலை பார்த்தவர். டெக்கீலா, அதாவது கற்றாழை மாதிரிச் செடியின் கிழங்கு போன்ற தண்டை அவித்து வடிக்கும் மெக்சிகோ மது என்றால், மரப் பீப்பாயில் சில மாதமாவது கிடந்ததைத்தான் தொடுவாராம்.

நாளை சுதந்திர தினம், கடை கிடையாது. அதனால் சாயங்காலமே வேளச்சேரி மாலுக்குப் போய், எது நல்லது என்று தெரியாமல் இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். ஒன்று தேன் நிறம். இன்னொன்று வெளிறிய வைக்கோல் நிறம். எனக்குத் தேன் நிறம்தான் உசத்தியாகப் பட்டது. பாட்டிலும் ராஜா மாதிரி நின்றது.

குடிப்பழக்கமே இல்லாத ஸ்டெல்லா, "கலரை வச்சு இன்னாத்த கண்டுபிடிப்ப? கையைக் குடு" என்றாள். நெய் வாங்கும்போது செய்வதுபோல, தேன் நிறத்தை என் வலது புறங்கையிலும் மற்றதை இடது புறங்கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தாள்.

"வலது கையில வெறும் மிட்டாய் வாசனை. கலர் போட்டிருக்கான். இடது கையை மோந்து பாரு, மரம் வருது. பின்னாடியே அவிச்ச பனங்கிழங்கு வருது."

வந்தது. சத்தியமாக வந்தது.

"நீயே பாத்து வாங்கினதா அப்பாகிட்ட சொல்லு."

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா?"

"அவர் கையை வாங்கித் தேய்ச்சுக் காட்டு. நீ இன்னும் அவர் கையைத் தொட்டதே இல்லையே."

சொல்லிவிட்டு அவள் தூங்கிவிட்டாள். நான் இன்னும் இடது கையைக் கழுவவில்லை.