பஸ் ஸ்டாப் பிளக்ஸில் ஒரு குழந்தை

ஐப்பசி 12, செவ்வாய்
விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. விடைத்தாள் கட்டு பிரிக்கவே இல்லை.

கோட்டையூர் பஸ் ஸ்டாப்பில் கொழுந்தன் சரவணன் தன் பெண்டாட்டிக்குப் பிளக்ஸ் வைத்திருக்கிறார். என் ஓரகத்தி செல்வி, போர் நடக்கிற நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை லீவில் வருகிறாள். ஆளுயரச் சிரிப்பு, இடுப்பில், தலையில் காயக்கட்டோடு ஒரு பெண் குழந்தை. 'எங்கள் குலவிளக்கே வருக!' நான்? கீழே, வரவேற்போர் வரிசையில், பந்தல்காரருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவு.

வாசலில் சரவணன் யாரிடமோ: "எனக்கு மட்டும்னுதான் அனுப்புனா. போட்டோ அம்சமா இருந்துச்சு, போட்டுட்டேன்."

வயிறு எரிகிறது.

13, புதன்
பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. குழந்தையின் முகம் அப்படியே தெரிகிறது. போரில் சிக்கிய சனங்களை ஊர் வேடிக்கைக்கு வைக்கக் கூடாது. ஜெனீவா உடன்படிக்கை. சட்டக் கல்லூரியில் வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம்! யார் என்று தெரிந்தால் அங்கே அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து.

சரவணனிடம் சொன்னால் இன்றே இறக்கிவிடுவார்.

சொல்லவில்லை. வரட்டும் குலவிளக்கு. நாலு பேர் முன்னால் யாராவது கேட்கட்டும்.

வாங்க: உளுந்து, நல்லெண்ணெய். செல்விக்கு வெள்ளைப் பணியாரமாம், அத்தை உத்தரவு. எனக்கு என்றைக்குச் சுட்டார்கள்?

14, வியாழன்
மழை. வகுப்பில் ஒருத்தி: "மேடம், உங்க வீட்டு ஆளாமே! நாங்க எல்லாரும் பிளக்ஸைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டோம்." ஊரெல்லாம் அந்தக் குழந்தை. சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் சரவணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை, "செல்வி மாதிரி யாருக்கு வரும்!" வாயை மூடிக்கொண்டேன்.

15, வெள்ளி
வெயில். பஸ் ஸ்டாப்பில் வெடி, மாலை. செல்வி காரை விட்டு இறங்கியவள் மாலைக்குக் கழுத்தை நீட்டவில்லை. பிளக்ஸையே பார்த்தாள்.

"யாரைக் கேட்டு வச்சீக? இவ அம்மா இன்னும் அங்குட்டுத்தான் இருக்கு. எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா சண்டை போடுறவய்ங்க விட்டுவைப்பாய்ங்களா?"

பூக்கடையில் கத்தரிக்கோல் வாங்கி, ஸ்டூலில் ஏறி, குழந்தையை வெட்டி எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சரவணன் அழாத குறை. "எனக்கென்ன தெரியும்? படிச்சவுக, மதினியாவது சொல்லியிருக்கலாம்ல."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க பாக்கலையா?"

"இல்லம்மா. மழையில குடையச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டே போயிட்டேன்."

"அதானே. பாத்திருந்தா நீங்க விட்டிருப்பீகளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.