ஜாதக ஆபீஸில் நீ சாத்திய கதவுகள்

இன்று காலை ஆபீஸுக்குப் புது சர்வர் வந்தது. பெட்டியைப் பிரித்தவுடன் எழும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை அன்று போலவே இருக்கிறது. மாறியது வேறு. என் மேஜையிலிருந்தபடியே அதற்குள் நுழையப் பார்த்தேன், மறுத்துவிட்டது. தொலைவிலிருந்து நுழையும் வசதி மூடியே வரும், வேண்டுமென்றால் நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று கையேட்டில் ஒரு வரி. உலகத்தின் பெரிய நிறுவனங்களெல்லாம் வருடக்கணக்கில் யோசித்து, கடைசியில் அடையாற்றங்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த உன் கட்சியில் சேர்ந்துவிட்டன. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. சொல்ல வேண்டியவளிடம் சொல்ல முடியாததால் எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாம் வேலை பார்த்தது மயிலாப்பூரில், ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஒரு கம்பெனியில். கம்ப்யூட்டர்களுக்கு நீதான் பொறுப்பு. அந்தப் பக்கத்துப் பெண்களின் உண்மையான பிறந்த வருஷம் இருந்த ஒரே இடம் நம் சர்வர்தான். மாமிகள் பீரோச் சாவியைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துச் சர்வர்கள் எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டுக்கொண்டே வரும். யாருக்கு எது தேவைப்படுமோ என்ற தாராளம். முதலாளி அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, கடவுச்சொல்லையும் மங்களகரமாகத் தானே வைத்தார். கற்பூரம் அணைவதற்குள் நீ வெளியிலிருந்து நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டாய்.

"யாருமே வரலியே, அதுக்குள்ள ஏன் மூடறே?" என்று கேட்டேன்.

"வராதப்போதான்பா மூடணும். வந்தப்புறம் மூடுனா உள்ளயே குந்திக்கினு இருப்பான். தொறக்கச் சொல்லி ஒருத்தன் கேக்கட்டும், அப்பால பாக்கலாம்."

கேட்டது முதலாளியே. பெசன்ட் நகர் வீட்டிலிருந்து மோடம் வழியாக முயன்று தோற்று, மறுநாள் சிவந்த முகத்தோடு வந்தார்.

"ஏம்மா, என் மெஷினுக்குள்ள நானே போக முடியல. ஆத்துல உக்காந்துண்டு ரெண்டு ஜாதகம் பாக்கப்படாதா?"

"நீங்க போற வழியில எவன் வேணா போவான் சார்."

"பாஸ்வேர்ட் இருக்கோன்னோ? எங்கே, யாராவது நுழைஞ்சு காட்டட்டும். சாயந்திரம் வரைக்கும் திறந்து வை. ஒருத்தரும் வரலேன்னா நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்."

உன் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீ. ஆனாலும் சொன்னபடி திறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினாய். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். கட்டடத்துக்கே ஒரே நெட்வொர்க் கேபிள், அங்கிருந்தும் நம் சர்வரை எட்டலாம். பத்து நிமிடத்தில் ஒரு தாளோடு இறங்கி வந்து அவர் மேஜையில் வைத்தாய். முதலாளியின் மூத்த பெண்ணுடைய ஜாதகம். அசல் வருஷத்தோடு.

கடவுச்சொல் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. மெல்லத் திரும்பி, தன் நாற்காலிக்குப் பின்னால் மாலையோடு தொங்கிய குலதெய்வத்தின் படத்தைப் பார்த்தார்.

"வேற யாராவது பாத்தாளா?"

"இன்னிக்கி நான் மட்டும்தான் சார். மேல நாப்பது புள்ளைங்க படிக்குது. அதுங்களுக்கும் சாமி பேரு தெரியும்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கதவுகள் மறுபடி மூடப்பட்டன. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஓர் ஆணை: வெளியிலிருந்து நுழைய விரும்புவோர் காரணத்தை எழுதிக் கொடுத்து உன் ஒப்புதல் பெற வேண்டும். கீழே முதலாளியின் கையெழுத்து.

முதல் விண்ணப்பமும் அவருடையதே. காரணம் என்ற இடத்தில், 'வீட்டில் வசதியாக இருக்கும்' என்று எழுதியிருந்தார். நீ நிதானமாகப் படித்து, சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதித் திருப்பி அனுப்பினாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "சரி" என்றார். மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கே ஆபீஸ் வந்தார்.

அந்த விண்ணப்பத்தை அவருடைய குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நான்கு கம்பெனி மாறியும் கூடவே வருகிறது. போன வாரம் எங்கள் துணைத் தலைவர், விடுமுறைக்குப் போகிற இடத்திலிருந்தும் தனக்கு வழி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உன் எழுத்தைப் பக்கத்தில் வைத்து, பார்த்தே எழுதினேன்:

காரணம் போதாது.