லேசான லேப்டாப்பில் என்ன குறை

ரவுண்ட் ராக் நகரத்து வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அமுதவல்லி கணவரை எழுப்பவில்லை. பேசினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும். சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"என்னங்க, கத்திரிக்காய்க் குழம்பு ஃப்ரிட்ஜ்ல மேல்தட்டுல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

ஆபீஸ் டூருக்கு லேசா ஒரு லேப்டாப் வேணும்னுதானே கேட்டேன்? வாரா வாரம் கடை கடையா கூட்டிட்டுப் போய், கீபோர்டு சரியில்ல, ஸ்க்ரீன் சின்னதுன்னு எல்லாத்தையும் தட்டிக்கழிச்சீங்க. நேத்துதான் உண்மை வெளிய வந்துச்சு: 'லேசா இருந்தா நீ இன்னும் அடிக்கடி கிளம்பிடுவே.' இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? தோள்வலியோட பழைய லேப்டாப்பையே தூக்கிட்டுப் போறேன்.

நீங்க முதல்ல வேண்டாம்னு சொன்னதையே ஆர்டர் பண்ணிட்டேன். மத்தியானம் வரும். வீட்ல இருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வைங்க."

கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். கோபம் தணியவில்லை. ஆனாலும் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"அடுத்த மாசமும் ஆபீஸ் வேலையா சியாட்டில் போகத்தான் போறேன். நீங்களும் லீவு போட்டுட்டு கூட வாங்க. உங்க பெட்டியை நீங்களேதான் தூக்கணும்."