சாயங்காலம் வந்துவிடுவாய்

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நைனாவின் அடி தாங்காமல் நீ மீஞ்சூருக்குப் போனதும், உன் பேரை யார் எடுத்தாலும் தண்டம் என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு வைத்தார்கள். மாதாமாதம் உன் கணக்கில் விழும் மகளிர் உரிமைத்தொகைக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. ஏ.டி.எம். கார்டு நைனாவிடம் இருக்கிறது.

போன வாரம், அந்தப் பணம் வாங்கும் நீ இங்கேதான் இருக்கிறாயா என்று விசாரிக்க ஆபீசர் ஒருவர் வந்தார். அன்றைக்கு ஊரே உன் பேரைச் சொன்னது.

"தேசம்மா தங்கமான பொண்ணு சார். இறால் புடிக்க ஏரிக்குப் போயிருக்குது" என்றார் பக்கத்து வீட்டு கஸ்தூரியம்மாள் அத்தை. உன்னை ஓடுகாலி என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அம்மா எப்பம்மா வருவாங்க?"

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்துடும் சார்" என்றேன்.

பொய்தான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து சமையல் என் வேலை. அன்றைக்கு உனக்கும் சேர்த்துச் சோறு வடித்துவிட்டேன். நைனா பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ சோறு?"

"அம்மாவுக்கு."

"பணம்தான் வருதே, அவ எதுக்கு?" என்று சிரித்தார்.

காலையில் அதைப் பழையதாக நானே தின்றேன். அம்மா, அந்தப் பணத்தை நிறுத்திவிடு. நீ இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

உன் மகள்