கழுதைப்புலிப் பாட்டு

நிடிராண்டே,
ஞாயிறு, கோயில் விட்டு வந்த பிறகு

அன்பு மகள் அலினாஃபேவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ விறைத்துப்போகாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று, சிவப்புக் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அப்புறம் நீ ஆஸ்பத்திரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை பார்ப்பாய், அதனால்தான் கடிதம்.

நம் கட்சித் தலைவர் துணை ஜனாதிபதி வேட்பாளராக யாரைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார் என்ற செய்தி உனக்கும் வந்திருக்கும். மக்வெம்பா. நான் டோரிக்காவின் தக்காளிக் கடையில் நிற்கும்போது ரேடியோவில் சொன்னார்கள். டோரிக்கா கையில் தராசோடு, அக்கா, செய்தி படிக்கிறவன் பேரைத் தப்பாப் படிச்சுட்டான், இரு, இப்போ திருத்திச் சொல்லுவான் என்றாள். இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம். அவன் திருத்தவில்லை, கால்பந்துச் செய்திக்குப் போய்விட்டான்.

பெட்ரோல் இல்லாமல் ஊரே தெருவுக்கு வந்தபோது மந்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சுடச் சொன்னவன். உன் தம்பி லிம்பானி கையில் என்ன வைத்திருந்தான், கல்லா, கத்தியா? மினிபஸ் ஓடாததால் வேலையில்லாமல் நின்ற நடத்துனர் பையன், காலி பெட்ரோல் கேனைத் தட்டிக்கொண்டு பாடிப் போனான். அவனைப் புதைத்த அன்று நம் தலைவர் சேறென்று பார்க்காமல் குழிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார், நீயும் பார்த்தாய். அம்மா, நான் ஆட்சிக்கு வந்தா விசாரணை வைப்பேன், அந்த மக்வெம்பாவைக் கூண்டுல ஏத்தாம விடமாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலினாஃபே, இத்தனை வருஷமும் முழங்கால் வீங்க வீங்க அவருடைய கூட்டத்தில் எல்லாம் ஆடினேன், பெண்களைச் சேர்த்துக்கொண்டு மழையில் லாரியில் போனேன். உப்புப் போட்டுத் தின்கிற மனுஷனா அவர்?

மறுநாளே வட்டாரத் தலைவர் கம்வெண்டோ பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் புதுக் கட்சித் துணியோடு வந்தார், நம் தலைவர் முகமும் மக்வெம்பா முகமும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அச்சடித்திருக்கிறது. தெற்கு நம்ம கையில இருக்கும்மா, ஏரிக்கரை ஓட்டு அந்தாளு கையில இருக்கு, அரசியல்னா அப்படித்தான் என்று எனக்குப் பாடம் எடுத்தார். பிறகு மெதுவாகப் பாட்டு விஷயத்துக்கு வந்தார். லிம்பானி போன பிறகு நான் கட்டிய பாட்டு. வாசலில் நிற்பது யார் என்று நான் கேட்பேன், கழுதைப்புலி என்று பெண்கள் சொல்வார்கள். பெயர் என்ன என்பேன், மக்வெம்பா என்பார்கள். தலைவர் மேடையை விட்டு இறங்கிக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு அதற்கு ஆடுவாரே, அதுதான். மெட்டு நல்ல மெட்டும்மா, அதை ஏன் விடணும், கழுதைப்புலிக்குப் பதிலா விருந்தாளின்னு போட்டுக்கலாம் என்கிறார் கம்வெண்டோ, ஏதோ கிழிந்த சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது போல.

இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏறுகிற கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு, நான் வராவிட்டால் அவர்களுக்கு நல்லதாகப் போகும், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்று போனேன். வாசலில் நிற்பது யார் என்று முதல் தடவை கேட்டேன், பெண்கள் ஒழுங்காக விருந்தாளி என்றார்கள். இரண்டாம் தடவை பழக்க தோஷம், ஒரு மூலையிலிருந்து கழுதைப்புலி என்று வந்தது. அவ்வளவுதான், மைதானம் முழுக்கப் பிடித்துக்கொண்டது, பழைய பாட்டுத்தானே எல்லோருக்கும் தெரியும். நான் தூண்டிவிடவில்லை, நிறுத்தவும் இல்லை. கேட்டுக்கொண்டே போனேன். கம்வெண்டோ கையைக் கையை ஆட்டுகிறார், தலைவர் தன் செருப்பையே பார்க்கிறார். என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது மக்வெம்பா எழுந்து மைக்கைப் பிடுங்கினான். ஆமா, நான் கழுதைப்புலிதான், உங்க வறுமையைத் தின்ன வந்த கழுதைப்புலி என்று கத்திவிட்டு, முதுகை வளைத்து நொண்டி நொண்டி மேடையைச் சுற்றி வந்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டோரிக்காகூடச் சிரித்துவிட்டுத் துணியால் வாயை மூடிக்கொண்டாள், அவளைக் கோபித்துப் பயனில்லை. தலைவருக்கு உயிர் வந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஆடி முடித்து அவன் இறங்கி வந்து என்னைத் தோளோடு அணைத்து, என்ன பாட்டும்மா, யாரு கட்டினது, உங்களுக்கு எந்த ஏரியா என்று கேட்டான். நான் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த தலைவர் பக்கத்தில்தான் நின்றார், கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஒலிபெருக்கி வண்டியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டே போகின்றன. ஓட்டு யாருக்கு என்று கேட்காதே, எதிர்ப்பக்கம் போகலாம் என்றால் அவனை மந்திரியாக்கி வளர்த்துவிட்டதே அவர்கள்தானே. கட்சித் துணியால் அடுப்பிலிருந்து களிப்பானையை இறக்குகிறேன், இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்து.

நீ காலுறை இரண்டாகப் போட்டுக்கொள், இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் முன்னால் போகட்டும்.

ஒன்றை மறக்காதே. பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்யப் போகிறார்களாம், கடைசியில் இன்னும் ஓர் அடி இருக்காமே என்று கம்வெண்டோ வந்து நிற்கிறார். குழிமேட்டில் நீயும் நானும் மட்டும் பாடிய அடி, லிம்பானி பெயரை மூன்று தடவை கூப்பிடுவோமே, அது. திடமாயிருங்கள் என்று அர்த்தம் வருகிற பெயர், கிடைத்தால் நாளைக்கே சட்டையில் அச்சடித்துவிடுவார்கள். நான் மறந்துபோனது என்று சொல்லிவிட்டேன். உனக்கும் போன் செய்வார்கள். நீயும் மறந்துவிட்டாய் மகளே.

லிம்பானிக்கும் உனக்கும் அம்மா,
எனிலேஸ்